நின்ற வண்டியின் தேய்மானம்

"...கிளட்ச்சு எரிஞ்சா மாத்திக்கலாம் மாமு. கியர்பாக்ஸு பல்லு ஒடஞ்சா அத்தயும் மாத்திக்கலாம். தரையே துருப்புடிச்சி கையோட வந்தா இன்னாத்த மாத்துவே?" என்று கேட்டான் சேவியர். ராயபுரத்தில் சாயங்காலம். நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய காருக்குள் கைபேசியை நுழைத்து வீடியோ அழைப்பில் அவன் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தான். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்து ஓட்டை வழியாகத் தெரு தெரிந்தது. எனக்கு டொராண்டோ பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஒரு கடைவளாகத்தின் காலி பார்க்கிங்கில் நின்றிருந்தேன்.

அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். இங்குள்ளவர்கள் காலித் தரையில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைத்து வளைத்து அடுக்கி, தலையில் ஹெல்மெட்டோடு, ஒவ்வொருவராக அவற்றின் நடுவே காரை நெளித்து ஓட்டுகிறார்கள். ஆட்டோகிராஸ் என்று பெயர். இடைஞ்சலே இல்லாத ஊரில் இடைஞ்சலைத் தாங்களே சுமந்துவந்து வைத்துக்கொள்கிறார்கள். எண்ணூர் ரோட்டில் நமக்கு அந்தச் சிரமம் இருந்ததில்லை. கன்டெய்னர் டிரெய்லரும் பள்ளமும் மாடும் தாமாகவே வந்து நிற்கும். முதல்முறை நான் ஓட்டி முடித்ததும் டக் என்ற பெரியவர் வந்து, எங்கே பழகினாய் என்று விசாரித்தார். எண்ணூர் என்றேன். அது நிரந்தரமான பந்தயத் தடமா என்றார். ஆமாம், ராத்திரி பகலாக நடக்கும் என்றேன். உண்மையான பொறாமையோடு தலையாட்டினார்.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் நானும் சேவியரும் ஒரே ஷிஃப்ட். எனக்கு நேர்க்கோட்டுப் பைத்தியம். ஊருக்கு வெளியே, நேர்ச்சாலையில் ஒரே பாய்ச்சலாகப் பாயும் டிராக் ரேஸ் என்றால் எங்கள் காரோடு அங்கே நிற்பேன். பச்சை விளக்கு விழுந்ததும் கிளட்ச்சை விட்டால் வண்டி துள்ளிப் பாயும், கருகிய வாசனை மூக்கில் ஏறும், சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அவனுக்கு வளைவுதான் பிடிக்கும். மைதானத்தில் டிரம்களைச் சுற்றி அவன் ஓட்டிவிட்டு வந்தால் முன்டயர்களின் வெளி ஓரம் மொட்டையாகியிருக்கும், பிரேக் தேய்ந்திருக்கும், ஸ்டீயரிங்கில் ஓர் ஆட்டம் இருக்கும். "வண்டிய சாவடிக்கிறியேடா" என்பேன். "நீ ஒரே அடில கொல்றே. நானு கொஞ்சிக்கினே தேய்க்கிறேன். எது மாமு பாவம்?" என்பான். யார்டு கேன்டீனில் எங்கள் சண்டையைக் கேட்கவே ஆட்கள் டீயோடு வந்து உட்காருவார்கள். இப்போது யோசித்தால் அவன் பக்கம்தான் நியாயம் அதிகம். அவன் தேய்த்தது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வப்போது சரிசெய்ய முடிந்தது. நான் தேய்த்ததோ உள்ளே இருந்தது. ஆக்சில் முறிந்து நடுவழியில் நின்ற அன்றுதான் தெரிந்தது.

ஊரை விட்டு நான் கிளம்பியதும் டிராக் ரேஸ் போலத்தான். விசா வந்தது, ஒரே பாய்ச்சல். சேவியர் அங்கேயே வளைந்து நெளிந்து குடும்பத்தை ஓட்டினான். "நீ வந்தாத்தான் இனிமே ரேஸு" என்று காருக்கு உறை போட்டு மூடினான். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் தெருமுனையில் கடல். உப்புக் காற்றுக்கு உறை ஒரு பொருட்டா?

இப்போது தெருவில் மழைநீர் வடிகால் தோண்டப் போகிறார்களாம். நாளைக்குள் வண்டியை எடுத்தாக வேண்டும். புதுப்பேட்டையிலிருந்து, பழைய வண்டிகளை வாங்கி உடைக்கிறவர்களின் இழுவை வண்டி வந்து நின்றிருந்தது.

"நம்ப போட்ட சண்டைலாம் வேஸ்ட்டு மாமு. ஒன் டிராக்குலயும் போவல, என் ஆட்டோகிராஸ்லயும் போவல. சும்மா நின்னுகினே பூட்ச்சி பாரு" என்றான். பிறகு கைபேசியைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினான். மீசை நரைத்திருந்தது. "வெல்டிங் வெச்சி நிக்க வெச்சிடலாம். எங்க மச்சான் வூட்டாண்ட எடம் கீது. நீ வரியான்னு மட்டும் சொல்லு. லீவுக்கு கேக்கல. மொத்தமா வந்துடறது."

பின்னால் டக் என் பெயரைக் கூப்பிட்டார். ஓட்ட என் முறை. மகளின் பள்ளி, மனைவியின் வேலை, வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லிப் பழகிய காரணங்கள் எல்லாம் வாய்வரை வந்தன. அவனுக்குத் தெரியாததா?

"குடுத்துடு சேவி" என்றேன்.

"செரி" என்றான். தோளில் கிடந்த துண்டால் பக்கத்து சீட்டின் தூசியைத் தட்டினான். கைபேசியை அதில் சாய்த்து, சற்றே தன் பக்கம் திருப்பி வைத்து, சீட் பெல்ட்டை இழுத்து அதன் மேல் மாட்டினான். "ஒன் எடம் மாமு. குந்து." தரையின் ஓட்டை மேல் ஒரு பலகையைப் போட்டுக் கால்களை ஊன்றிக்கொண்டு, முன்னால் இழுவை வண்டியில் இருந்தவனுக்குக் கையசைத்தான். கயிறு இறுகியது. துள்ளல் இல்லாமல் வண்டி நகர்ந்தது. தெருமுனை வந்தபோது இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, மெதுவாக, வளைவில் திருப்பினான்.