அதிராத பெல்ட்

முப்பத்தாறு வயதாகியும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். தான் வேலை பார்த்த சரக்குக் கிடங்கின் மாடியறையில் சால்டரிங் கம்பியும் கையுமாக எட்டு மாதம் உட்கார்ந்து, மூட்டை தூக்குகிறவர்களுக்காக ஒரு பெல்ட் செய்தாள். முதுகுப் பக்கம் மூன்று சென்சார்கள், இரண்டு காலணிக்குள்ளும் ஒவ்வொன்று. முதுகு எவ்வளவு வளைகிறது, எந்தக் கால் எத்தனை கிலோ தாங்குகிறது என்று அவை காட்டிக்கொடுக்கும். அளவு மீறினால் பெல்ட் இடுப்பில் அதிரும். ஆள் பாரத்தை இறக்கிவிடலாம்.

முதலில் கட்டிப் பார்த்தது அண்ணன்தான். அதே கிடங்கில் இருபது வருடமாகச் சுமக்கிறவன். வீட்டுக் கூடத்தில் மகளைத் தோளில் ஏற்றியதும் பெல்ட் அதிர்ந்தது. "பார்த்தியாடி, உன்னைப் பாரம்னு மெஷினே சொல்லிடுச்சு!" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

கிடங்கில் முப்பத்தோரு பேருக்கும் பெல்ட் கொடுத்த முதல் வாரமே மேலாளர் கூப்பிட்டார்.

"ஆளாளுக்கு மூட்டைய இறக்கி வெச்சுட்டு நிக்கிறாங்க. அதிர்றத மட்டும் நிறுத்திடுங்க. விவரம் கம்ப்யூட்டருக்கு வந்தாப் போதும், நாம பார்த்துச் சொல்லிக்கலாம்."

வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி, நாம்தான் பார்க்கிறோமே என்ற தெம்பு பாதி, நிறுத்திவிட்டாள். பெல்ட் இனி அதிராது என்று மேலாளர் கீழே ஆட்களிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

திரையில் அண்ணன் பதினேழாம் எண். இரண்டாம் வாரம் அவன் இடது கால் இரண்டு கிலோ குறைவாகத் தாங்கியது. அடுத்த வாரம் ஐந்து. பிறகு ஒன்பது. முதுகு வலப்பக்கம் சரிந்துகொண்டே போனது. மேலாளரிடம் இரண்டு முறை சொன்னாள். "பார்க்கலாம்" என்றார். ஐந்தாம் வாரம் இன்னும் நான்கு எண்கள் அதேபோல் சரியத் தொடங்கின. அவள் கீழே ஓடினாள்.

"அண்ணே, கால் மரத்துப்போகுதா?"

"லேசா. அதுக்கென்ன இப்போ?"

"மூட்டைய இறக்கு. டாக்டர்கிட்ட போவோம்."

அண்ணன் பெல்ட்டைத் தட்டிக் காட்டினான். "ஒரு மாசமா இது அதிரவே இல்லியே பாப்பா. அப்போ நான் நல்லாத்தானே இருக்கேன்? முன்னெல்லாம் பயந்து பயந்து தூக்குவேன். இப்போ ரெண்டு ரெண்டா தூக்குறேன். எல்லாருமே அப்படித்தான்."

அவள் மாடியேறி, யாரையும் கேட்காமல் அதிர்வைத் திரும்பப் போட்டாள்.

கீழே பெல்ட்டுகள் ஒவ்வொன்றாக அதிர ஆரம்பித்தன. முப்பத்தோரு பேரில் இருபத்தாறு பேர் பாரத்தை இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேலாளர் படியேறி வரும் சத்தம் கேட்டது.

அன்றே அவள் வேலை போனது. அண்ணனுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. நடக்கிறான்; இடது பாதத்தில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை.

மருத்துவமனையில் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.