தூள் கருகியதற்கு விளக்கம்

எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில் ஒருநாள் முற்பகல் தூள் கருகிவிட்டது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோதுகூட அந்த நாற்றம் எங்கள் லயத்து வரிசை வீடுகளை விட்டுப் போகவில்லை. எங்கள் ஊர் வட்டவளையின் மழைக்கு எந்த வாசனையும் அத்தனை நேரம் நிற்காது. இது நின்றது.

தூளைக் காயவைக்கும் இயந்திரம் அப்பாவின் பொறுப்பு. அதற்குச் சூடு அனுப்பும் அடுப்புக்கு விறகு போடுவது சித்தப்பா. பெக்டரியில் பக்கத்துப் பக்கத்து வேலை, லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. கருகியது அப்பாவின் இயந்திரத்தில் என்பதால், பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் அப்பாவிடம்தான் எழுத்தில் விளக்கம் கேட்டார். இரண்டு நாளுக்குள், இங்கிலீஷில். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் அப்பாவை மலை வேலைக்கு மாற்றிவிடுவார்கள். மீசை முளைத்த நாளிலிருந்து கூரைக்குக் கீழே வேலை பார்த்தவர் அப்பா. மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அன்று ராத்திரிச் சோற்றை அப்படியே தள்ளி வைத்துவிட்டார்.

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு எங்கள் ஆட்கள் கினிகத்தேனையில் ஒருவரிடம் போவார்கள். கடைவாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் எழுதினால் மூன்று பக்கம் வரும். படித்து முடித்தால் யார் என்ன செய்தார்கள் என்று தோட்டத்துத் துரைக்கே விளங்காது என்று பேர். அந்த மனிதர் இங்கிலீஷ் தெரியாமல்தான் அப்படி எழுதுகிறார் என்று நான் நினைத்தேன். எட்டாம் வகுப்பில் இங்கிலீஷுக்கு முதல் பரிசு வாங்கியிருந்தேன், வேறு என்ன நினைப்பேன்? நானே எழுதுகிறேன் என்று அடம்பிடித்தேன். அப்பாவுக்கும் உள்ளூரப் பெருமைதான். சரி என்றுவிட்டார்.

அந்தத் தவணையில் எங்கள் இங்கிலீஷ் டீச்சர், இயந்திரங்களையும் சோதனைகளையும் பற்றி எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், கண்டிப்பானவர். ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்தவர் யார் என்று இருக்க வேண்டும், ஒருவரா பலரா என்று பார்த்து அதற்குப் பொருந்துகிற வினையைப் போட வேண்டும், படிக்கிறவர் இரண்டாம் தடவை படிக்க நேர்ந்தால் குற்றம் எழுதியவருடையது என்பார். அதை நான் வேதம் போலப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா சொன்னது நாலே நாலு வரி. இலை நின்றுபோனது, சூடு ஏறிப்போனது, தூள் கருகிப்போனது. இனிமேல் நடக்காது.

எல்லாம் தானாகவே நடந்திருந்தது. ஒரு வாக்கியத்திலும் ஆள் இல்லை. இயந்திரத்துப் பக்கத்தில் நின்றது ஒருவரா இரண்டு பேரா என்று கேட்டேன். அது தெரியாமல் எனக்கு வினை ஓடவில்லை.

“கேக்குறத எழுது பாப்பா. ஆராய்ச்சியெல்லாம் வேணாம்” என்றார் அப்பா.

ஆராய்ச்சி வேண்டாம் என்றால்தான் எனக்குக் கை துறுதுறுக்கும். தூள் சலிக்கும் அக்காவிடம் விசாரித்தேன், அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கடைசியில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். என்னிடம் அவர் எதையும் ஒளித்ததில்லை.

“காலையில ஒரு மணித்தியாலம் உங்கப்பா மாட்டுக்குப் புல்லு அறுக்கப் போவாங்க, நான் ரெண்டையும் பாத்துக்குவேன். மத்தியானம் நான் போய்க் கொஞ்சம் சாஞ்சிட்டு வருவேன், அவுங்க பாத்துக்குவாங்க. எத்தனையோ வருசமா அப்படித்தானே. அன்னைக்கு விறகு ஈரம், அடுப்போட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன், அந்தப் பக்கம் இலை சிக்கிக்கிருச்சு.”

பெக்டரியில் எல்லோருமே அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒருவர் போனால் மற்றவர் இரண்டு இடத்தையும் பார்ப்பார். ஆபீசுக்கு மட்டும் அது தெரியாது. சித்தப்பா அதை வீட்டுப் பேச்சாகத்தான் சொன்னார். எழுதாதே என்று சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. எனக்கோ தேடிய ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம். ஒருவர். ஒருமை. பேனா தானாக ஓடியது.

என் அப்பா தினமும் காலையில் ஒரு மணிநேரம் வெளியே போகிறார். அந்த நேரத்தில் என் சித்தப்பா இரண்டு வேலையையும் பார்க்கிறார். மத்தியானத்தில் என் அப்பா இரண்டு வேலையையும் பார்க்கிறார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைதான் தூள் கருகியது. இப்படி எல்லா வாக்கியத்துக்கும் ஒரு ஆளை நிற்கவைத்தேன். கடைசி வரி அப்பாவுக்குச் சாதகமாக இருக்கும் என்று என் புத்திசாலித்தனத்தில் நானே சேர்த்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. என் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்து ரசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு நாள் கழித்து டீமேக்கர் அப்பாவைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பிவிட்டார். அதோடு, லயத்திலிருந்து இவ்வளவு தெளிவான கடிதம் இதுவரை வந்ததில்லை என்றும் சொன்னாராம். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று எங்கள் வீட்டில் கோழிக்கறி. சித்தப்பா தன் பங்கு ஈரலை எடுத்து என் தட்டில் வைத்தார். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரம் போயிருக்கும். சித்தப்பாவுக்கு ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாசித்துச் சொல்ல என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? சித்தியும் கூடவே வந்தார். எல்லோரும் சுற்றி உட்கார, நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்துத் தமிழில் சொன்னேன். அடுப்புக்கும் இயந்திரத்துக்கும் சேர்த்து ஒரு தொழிலாளி போதும் என்று தீர்மானிக்கப்பட்டுள்ளது. சித்தப்பா வருகிற திங்கட்கிழமையிலிருந்து மலை வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும்.

எனக்கு மட்டும் அந்தக் கடிதத்தில் ஒரு குறை கண்ணில் பட்டுவிட்டது.

“சித்தப்பா, இது சரியில்லாத இங்கிலீஷு. யாரு தீர்மானிச்சாங்கன்னே இதுல இல்ல.”

சித்தி எழுந்து வெளியே போனார். அப்பா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“விடு பாப்பா. யாரா இருந்தா என்ன.”

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அதெப்படி, செய்தவர் இல்லாமல் ஒரு காரியம் நடக்கும் என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். இதற்கு யார் காரணம், யார் காரணம் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். அந்த வீட்டில் அதற்கு விடை தெரியாதவள் நான் ஒருத்திதான்.