வலிக்கு இரண்டு மார்க்

போன செவ்வாய்க்கிழமை, பதினாலு வயசுப் பிள்ளை ஒருத்தியின் வலிக்கு நான் மார்க் போட்டேன். பத்துக்கு இரண்டு. போட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

நான் டாக்டர் இல்லை. வாரா வாரம் இந்த இடத்தில் டவுண் பஸ்ஸைத் திட்டி, வெயிலைத் திட்டி, அல்வாக்கடை கியூவில் இடையில் நுழைகிறவர்களைத் திட்டி எழுதுகிற பொம்பளை. எனக்கு அங்கே என்ன வேலை? சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, சொந்த ஊர் கோயம்புத்தூர். வளர்கிற பிள்ளைகளுக்கு வருகிற தீராத உடம்பு வலியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். எக்ஸ்ரே நார்மல், ரத்தம் நார்மல், எலும்பு நார்மல் — ஆனால் பிள்ளைக்கு உடம்பு பூரா வலி. மாசக்கணக்கில் வலி. ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வாயும் வலிக்க ஆரம்பித்துவிடும்.

“வலியைக் கொண்டு போற நரம்பு, சத்தத்தைக் கூட்டி வெச்சுக்குதுங்க மேடம்” என்றார் டாக்டரம்மா. கோயில் கொடைத் திருவிழா மைக்செட் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். பாட்டு சின்னதுதான், காது கிழிகிறது.

பிரச்சினை அவருடைய கேள்வித்தாளில் இருந்தது. ‘தங்களது அசௌகரியத்தின் தன்மையைக் குறிப்பிடவும்’ என்று கேட்டால் எந்தப் பிள்ளை பதில் சொல்லும்? இந்தப் பத்தியைப் படிக்கிறவராம், என்னைக் கூப்பிட்டார். ‘உளையுதா, கடுக்குதா, குத்துதா, எரியுதா’ என்று நம்ம ஊர்ப் பேச்சில் மாற்றிக் கொடுத்தேன். “நீங்களே கேட்டுருங்க, உங்ககிட்டன்னா பேசுவாங்க” என்று ஒரு மேஜையும் நாற்காலியும் கொடுத்தார். எனக்கு ஒரே பெருமை.

கேட்டு மார்க் போட வேண்டும். வலி கூடுதலாக இருக்கிற எட்டுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த எட்டுப் பேரும் சனிக்கிழமை தோறும் ஒன்றாகச் சேர்ந்து உடற்பயிற்சி செய்வார்கள், தூக்கத்தைச் சரி பண்ணக் கற்றுக்கொள்வார்கள், தங்கள் வலியைப் பற்றிப் பேசுவார்கள். சின்ன வயசிலேயே பிடித்துவிட்டால் நிறையப் பிள்ளைகள் தேறி வந்துவிடுகிறார்களாம்.

அன்றைக்கு ஐந்தாவதாக வந்தவள் ரிஸ்வானா. மேலப்பாளையம். ஒன்பதாம் வகுப்பு. வாப்பா கத்தாரில் வேலை. கூட உம்மா வந்திருந்தார்.

“உடம்பு இப்ப எப்படிம்மா இருக்கு?”

“அல்ஹம்துலில்லாஹ், நல்லாருக்கேன் மாமி.”

“வலி?”

“கொஞ்சந்தான்.”

கொஞ்சம் என்றால் இரண்டு. எழுதிவிட்டேன்.

போகும்போது அவள் சுவரைப் பிடித்து, கொஞ்சம் நின்று, அப்புறம்தான் நிமிர்ந்தாள். பார்த்தேன். பார்த்துக்கொண்டே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

அந்த மாதிரி எழுந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் காலையில் நான் அப்படித்தான் எழுந்திருக்கிறேன். ஆமாம்... எனக்கும் அதே வியாதிதான். பதினாலு வயசில் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறேன் என்றார்கள், கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். கல்யாணம் நடக்கவில்லை, வலியும் சரியாகவில்லை. நாற்பத்தாறு வயசில்தான் ஒரு டாக்டர் அதற்குப் பெயர் சொன்னார். இப்போது ஐம்பத்தொன்று. உங்களிடம் என்னென்னவோ புலம்பியிருக்கிறேன், இதை மட்டும் எழுதினதே இல்லை. வீட்டில் நான் ஒருத்தி. கட்டிலை விட்டு இறங்க அரை மணி நேரம் ஆனால் யாருக்குத் தெரியப்போகிறது?

புதன்கிழமை பட்டியல் வந்தது. எட்டுப் பெயர். ரிஸ்வானா இல்லை.

சரி, நான் என்ன செய்ய, அவள் சொன்னதைத்தானே எழுதினேன் என்று இருந்து பார்த்தேன். இருக்க முடியவில்லை. வியாழக்கிழமை காலையில் டாக்டரம்மாவிடம் சொல்லி, வீட்டு விலாசம் வாங்கிக்கொண்டு, மேலப்பாளையத்துக்கு பஸ் ஏறினேன்.

ரிஸ்வானா தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். அன்றைக்கும் பள்ளிக்கூடம் போகவில்லை. உம்மா டீ கொண்டுவந்து வைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். இவ்வளவு வலியை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை ஏன் நல்லாயிருக்கேன் என்று சொன்னாள் என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். தப்பு என் பேரில் இருந்தால் எனக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

உம்மா என்னை நிதானமாகப் பார்த்தார்.

“நாங்க காய்ச்சல்ல கெடந்தாலும் மொதல்ல அல்ஹம்துலில்லாஹ்தான் சொல்லுவோம் அக்கா. அது அல்லாஹ்வுக்குச் சொல்லுத பதில்லா. ஒங்களுக்கு உள்ள பதில் வேணும்னா நீங்க இன்னொரு தடவை கேட்டிருக்கணும்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் மேலப்பாளையத்துப் பிள்ளைகள். கோயம்புத்தூர் டாக்டரம்மாவுக்கு இது தெரியாது, சரி. எனக்குத் தெரிய வேண்டாமா? தெரியும் என்று நம்பித்தானே நாற்காலியே போட்டுக் கொடுத்தார்கள்?

பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “எப்படிம்மா இருக்கு?” என்று மறுபடியும் கேட்டேன்.

ரிஸ்வானா சொன்னாள். ராத்திரி திரும்பிப் படுக்க முடியவில்லை. பைக்கட்டு தூக்கினால் தோள் எரிகிறது. பெஞ்சில் உட்கார்ந்தால் இடுப்பு உளைகிறது. பி.டி. பீரியடில் எல்லோரும் கிரவுண்டுக்குப் போய்விடுவார்கள், இவள் மட்டும் வகுப்பில் இருப்பாள். முதலில் இரண்டு பேர் துணைக்கு இருந்தார்கள். அப்புறம் ஒருத்தி. அப்புறம் யாரும் இல்லை.

“நடிக்கான்னு சொல்லுதாவ மாமி. நோவு கூட சகிச்சிரலாம். எனக்கு அந்தச் சனிக்கிழமை கிளாஸுக்குப் போகணும். மருந்துக்காக இல்ல. என்னைய மாதிரி இன்னொருத்தி இருக்காளான்னு பாக்கணும்.”

அங்கேயிருந்தே டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். அவர் வருத்தப்பட்டார், ஆனால் அசையவில்லை. “பட்டியல் முடிவானதுக்கப்புறம் மார்க்கை மாத்தினா அது ஆராய்ச்சியே இல்லீங்க மேடம். திங்கக்கிழமை ஓ.பி.க்குக் கூட்டிட்டு வாங்க, வைத்தியத்தை நானே பாக்கறேன். குரூப்புல மட்டும் சேர்க்க முடியாது.” அடுத்த குரூப் எப்போது? அவருக்கே தெரியவில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சண்டை போடக்கூட வழியில்லாமல் போனது.

ரிஸ்வானாவிடம் சொன்னேன். என் தப்புதான் என்றும் சொன்னேன்.

“பரவால்ல மாமி” என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் கிளம்பியிருக்க வேண்டும். செருப்பு வரைக்கும் போனேன். திரும்பி வந்தேன்.

“இன்னொருத்தி இருக்கா” என்றேன். “கொஞ்சம் வயசானவ. பரவால்லையா?”

மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“எத்தனை வயசுல வந்துது மாமி?”

“ஒன் வயசுல.”

மனசுக்குள் கணக்குப் போடுகிறாள் என்று முகத்தில் தெரிந்தது. அப்போ இது போகவே போகாதா என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வேன்? ஆறுதல் சொல்ல வந்து பிள்ளையை இன்னும் பயமுறுத்திவிட்டேனோ? அவசர அவசரமாகச் சொன்னேன் — “எனக்கு இதுக்குப் பேரு தெரியவே நாப்பத்தாறு வயசாச்சு. ஒனக்கு இப்பமே தெரிஞ்சுட்டு. பாக்க டாக்டரும் இருக்காவ. ஒனக்கும் எனக்கும் ஒண்ணு இல்ல, கேட்டியா?”

கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. கையை ஊன்றி, பைய எழுந்து உட்கார்ந்தாள். நான் பிடிக்கப் போகவில்லை. எழுந்திருக்கும்போது யாராவது தொட்டால் அது தனி வலி.

“இப்ப எப்படி இருக்கு ஒங்களுக்கு?”

“நல்லாருக்கேன்.”

யோசித்துச் சொல்லவில்லை. முப்பத்தேழு வருஷப் பழக்கம், வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

ரிஸ்வானா தலையை ஆட்டிக்கொண்டாள். அப்புறம் பாயில் நகர்ந்து எனக்கும் இடம் விட்டு, “செரி... இப்ப சொல்லுங்க மாமி, எப்படி இருக்கு?” என்றாள்.

என்னிடம் இரண்டாவது தடவை கேட்ட முதல் ஆள். அழுதுவிட்டேன், வேறென்ன?