மெடல் குத்திய நாள்

என் தங்கையின் பேத்தி எங்கள் வீட்டில் தங்கி காலேஜுக்குப் போய்வருகிறாள். சரித்திரம் படிக்கிறாள். பரீட்சை வந்தால் வாய்விட்டுத்தான் படிப்பாள். நான் முறத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குக் கடைசிக் காலத்தில் காலேஜுப் படிப்பு இப்படித்தான் கிடைத்தது.

போன வாரம் ஒரு கேள்வியில் அவள் முட்டிக்கொண்டு நின்றாள். நம் நாட்டு விடுதலைப் போராட்டத்தைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் முதலில் ஒரு மாதிரி எழுதினார்களாம். கொஞ்ச காலம் கழித்து வேறு மாதிரி, இப்போது இன்னொரு மாதிரி. ஏன் என்று விளக்க வேண்டுமாம்.

"நடந்தது ஒண்ணுதானே அம்மாச்சி. எழுதுறது மட்டும் எப்படி மாறும்?" என்றாள்.

 அது மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுத் தொழுவத்துச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். போடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் ஊர். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களோடு சித்தப்பா இருந்தார், அந்தப் பக்கம் அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா. இரண்டு பேரும் ஒரே நாளில் நெஞ்சளவு கொடுத்துப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். அது வெள்ளைக்காரன் பட்டாளம். அரை வயிற்றுக் காலத்தில் முழுச் சோறு போட்டது அதுதான்.

சித்தப்பாவைக் கப்பலில் மலாயாவுக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான். அங்கே வெள்ளைக்காரனை விரட்ட நம் ஆட்களே ஒரு படை கூட்டியபோது சித்தப்பா அதில் சேர்ந்து பர்மாக் காடு வரைக்கும் நடந்து வந்திருக்கிறார். அந்தப் படையைத் தடுக்க அனுப்பிய பட்டாளத்தில் மாமா இருந்தார். ஒரே அடுப்புக் கஞ்சியைக் குடித்தவர்கள் ஒரே காட்டில் எதிரும் புதிருமாக நின்றார்கள்.

சண்டை முடிந்து மாமா தடித்த காக்கிக் கோட்டும் இரண்டு மெடலுமாக வந்தார். ஊர் அவரைப் 'பட்டாளத்தார்' என்றது. டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தது. சித்தப்பா சிலகாலம் ஜெயிலில் இருந்துவிட்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தார். ஊர் அவரைச் 'சப்பான்காரர்' என்றது. அவர் குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் சோலிக்குப் போய்விட்டார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பொதிக் கழுதைகளோடு இறங்கி வருவார். அவர் வந்தால் வீடே ஏலக்காய் மணக்கும்.

மாமாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். மாமாவுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கும் ஆட்டிடம் சொல்வார். "சில பேரு சர்க்கார் உப்பைத் தின்னுட்டு சப்பான்காரன் பின்னால போனாக" என்பார். ஆடு தழையை மென்றுகொண்டு கேட்கும். சித்தப்பாவும் கேட்பார். பதில் சொன்னதில்லை.

அந்த வருஷம் சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற, சண்டைக்குப் போய் வந்தவர் ஒருவரை அழைக்கலாம் என்று வாத்தியார் முடிவு செய்தார். நம் நாடு சண்டையே போடாமல் சுதந்திரம் வாங்கியது என்று எங்களுக்குப் பாடம் நடத்தியவரும் அவர்தான். நாங்கள் இரண்டையும் சேர்த்து நம்பினோம். வாத்தியார் என்னைப் பார்த்து, "உங்க வீட்டுப் பட்டாளத்தாரைக் கூட்டிட்டு வா" என்றார்.

அவர் யாரைச் சொன்னார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மாமாவிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாயைத் திறந்தாலே, "சத்தமாச் சொல்லு" என்பார். இரண்டாம் தடவை சொல்ல என்னிடம் குரல் இருக்காது. சித்தப்பாவிடம் அந்தத் தொல்லை இல்லை. முணுமுணுத்தாலும் அவருக்குக் கேட்கும். அவரும் பட்டாளத்துக்குப் போனவர்தானே, யார் கயிற்றை இழுத்தாலும் கொடி ஏறும் என்று நினைத்து, அந்த வாரம் இறங்கி வந்தவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் தோள் துண்டை எடுத்து மடித்தார். பிறகு, "என்னையவா கேட்டாரு வாத்தியார்?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். பொய் சொல்ல வாய் வேண்டியதில்லை என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அந்தத் தலையாட்டல் வீட்டுக்குள் வளர ஆரம்பித்தது. சித்தப்பா எஸ்டேட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு ஊரிலேயே தங்கினார். போடிக்குப் போய் முடி வெட்டி வந்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் வேட்டிக்கு நீலம் போட்டாள். நீலம் கூடிப்போய், வேட்டி வானத்து நிறத்தில் காய்ந்தது. சித்தப்பா அதைத் தடவிப் பார்த்து, "இதுவே நல்லாருக்கு மதினி" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல். நிஜத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாள் அவர் பின்னாலேயே திரிந்தேன். சொல்லவில்லை.

கொடியேற்ற நாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நுழைகிறேன், கம்பத்துக்குக் கீழே காக்கிக் கோட்டும் மெடலுமாக மாமா நிற்கிறார். முதல் நாள் டீக்கடையில் பார்த்தபோது, நேரத்தோடு வந்துவிடுங்கள் என்று வாத்தியாரே அவரிடம் சொல்லியிருக்கிறார்.

 வாத்தியார் நீல வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். ஓரமாக ஒரு பெஞ்சு கிடக்கிறது, உட்காருங்கள் என்று சித்தப்பாவிடம் சொன்னார். பெரிய வகுப்புப் பையன்கள் சப்பான்காரர் என்று கிசுகிசுத்தார்கள். என் கைக்குள் சித்தப்பாவின் கை ஒரு தடவை இறுகி, பிறகு தளர்ந்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும், அவர் அதைச் சொல்லவில்லை. "கொடியைப் பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன் வாத்தியாரே" என்று சொல்லி, பெஞ்சு பக்கம்கூடப் போகாமல் வாசலுக்குத் திரும்பினார். காலை இழுத்து இழுத்துப் போனார். அந்த நீல வேட்டியோடு அவர் ஊருக்குள் நடந்து வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அம்மா வாசலிலேயே காத்திருப்பாள்.

மாமா என்னைக் கூப்பிட்டார். "வாத்தியாரு யாரை ஆத்தா கூட்டியாரச் சொன்னாரு? சத்தமாச் சொல்லு."

பள்ளிக்கூடம் முழுக்க என்னையே பார்த்தது. "சித்தப்பாவை" என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு சத்தம் வந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மலையில் பட்டுத் திரும்பியது போல இருந்தது. வாத்தியார் வாயைத் திறந்தார். மாமா கையைக் காட்டி அடக்கினார்.

அப்புறம் மாமா வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். ஆடு இல்லாததால் கொடிக்கம்பத்திடம் சொன்னார். சர்க்கார் உப்பைத் தின்றவர்களைப் பற்றித்தான். ஆனால் அன்றைக்குக் குரலில் வேகம் இல்லை. ஏதோ பதில் வேண்டும் என்று கேட்பது போல இருந்தது.

வாசலருகே போன சித்தப்பா நின்றார். "தூத்துக்குடி உப்புத்தானே மச்சான்" என்றார். "வெள்ளைக்காரன் வரும்போது கப்பல்லயா கொண்டாந்தான்?"

பத்து வருஷத்துக்கும் மேலாக இருவருக்கும் நடுவே விழாத பேச்சு அது. மாமாவின் மீசை ஒரு பக்கமாகத் துடித்தது. கோபப்படப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து, நெஞ்சிலிருந்த மெடல்கள் இரண்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி என் இரண்டு உள்ளங்கையிலும் வைத்து மூடினார்.

"குத்துது ஆத்தா. வச்சிரு" என்றார். பிறகு நிமிர்ந்து, "வெரசா வா மாப்ளே. வெயில் ஏறுது" என்றார்.

கயிற்றைச் சித்தப்பாதான் இழுத்தார். கொடிக்குள் மடித்து வைத்திருந்த பூ அவர் தலையில் கொட்டியது. மாமா பக்கத்தில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். கொடிக்கா, சித்தப்பாவுக்கா என்று தெரியாத மாதிரி நின்றார். எனக்கு இரண்டு கையும் மெடலோடு மூடியிருந்ததால் கைதட்ட முடியவில்லை, மிட்டாயையும் வாயில்தான் வாங்கினேன்.

அதற்குப் பிறகு டீக்கடையில் மாமாவின் கதை மெல்ல மாறியது. ஓடிப்போனவன் என்ற பேச்சு நின்றது. கொஞ்ச வருஷம் கழித்து, "நாங்க ரெண்டு பேரும் பர்மாவுல இருந்தோம்" என்றார். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. இன்னும் வயதானபோது, மாப்பிள்ளை எதிரே இருப்பான் என்று துப்பாக்கியை உயர்த்தித்தான் சுட்டேன் என்று சொல்ல ஆரம்பித்தார். சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "ஆமா, அது தேன்கூட்டுல பட்டுத்தான் எங்க படையே ஓடுச்சு" என்பார். கடையே சிரிக்கும். நிஜத்தில் யார் எந்தப் பக்கம் சுட்டார்களோ, இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னேன். அவள் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தை வாசித்தாள். சண்டை முடிந்ததும் சித்தப்பா இருந்த அந்தப் படையினரை வெள்ளைக்காரன் கூண்டில் ஏற்றியபோது, அவனுடைய பட்டாளத்தில் இருந்த நம் ஆட்களுக்கே மனசு பொறுக்கவில்லையாம். இனி இவர்களை நம்பி ஆள முடியாது என்று அவனுக்குத் தோன்ற அதுவும் ஒரு காரணமாம். இப்போது சரித்திரக்காரர்கள் அதையும் சேர்த்து எழுதுகிறார்களாம். என் நாலாம் வகுப்புப் புத்தகத்தில் மாமாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. இதில் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள். நாளைக்கு வரும் புத்தகத்தில் நீல வேட்டிக்கு நீலம் போட்டவளும் வரக்கூடும்.

அவள் எழுதப் போய்விட்டாள். நான் முறத்தை எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மிட்டாய் தின்று முடித்ததும், மாமாவுக்கு ரத்தம் வந்திருக்குமோ என்று பயந்து, மெடல் இருந்த இடத்தை அருகில் போய்ப் பார்த்தேன். கம்பளி மாதிரித் தடித்த கோட்டு அது. என் கையிலிருந்த மெடலின் ஊக்கு அதில் பாதிகூட இறங்காது. உள்ளே சட்டை வேறு இருந்தது. இவ்வளவையும் தாண்டி எப்படிக் குத்தியிருக்கும் என்று, வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.