வெங்காயக் கலர் பெஞ்சு வந்த பாடு

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனது. எல்லாரும் ஆளாகிவிட்டார்கள். நாலாம் வகுப்பு பாதி படித்தேன். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன். எங்கள் ஊர் மகளிர் குழுவுக்குத் தலைவி நான்தான். ஏரிக்கரைத் துறைக்குப் பெஞ்சு வாங்கியதும் நான்தான். வேறு யாராவது தாங்கள் வாங்கியதாகச் சொல்லிவிடுவார்கள் என்பதால் எழுதிவைக்கிறேன்.

பெஞ்சு என் ஓர்ப்படிக்காக, என் கொழுந்தன் பெண்டாட்டிக்காக. அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. இனித் தரையில் குந்தக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துறையில் இறாலும் நண்டும் விற்கிற பெண்கள் எல்லாரும் தரையில் குந்தித்தான் விற்கிறோம். ரொம்ப நாள் வராதவள் இடத்தில் அடுத்தவள் கூடையை வைத்துவிடுவாள், பிறகு கேட்க முடியாது. எனக்கு இடம் கிடைத்ததும் அப்படித்தான்.

சென்னைப் பக்கம் ஒரு பட்டறையில் இரும்பு பெஞ்சு செய்வதாகக் கேள்விப்பட்டு போன் போட்டேன். நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் கையில் இருக்கிறது, பத்து நாளில் அனுப்பிவிடலாம் என்றார் அங்கே பேசியவர். குழுக் கூட்டத்தில் எடுத்து வைத்தேன். ஒவ்வொரு கலருக்கும் ஒரு கட்சி இருந்தது. எந்தக் கலர் போட்டாலும் ஊரில் பாதிப் பேர் அதில் உட்கார மாட்டார்கள், மீதிப் பாதி எழுந்திருக்க மாட்டார்கள். யாருக்கும் சொந்தமில்லாத கலரைத் தேடித் தேடி, கடைசியில் நான் கட்டியிருந்த வெங்காயக் கலர் புடவையில் வந்து நின்றது. அதன் பழைய ஜாக்கெட்டில் ஒரு துண்டு வெட்டி, இந்தக் கலரில் மூன்று பெஞ்சு என்று பட்டறைக்கு அனுப்பினோம்.

"இந்தக் கலரைத் தனியா கலக்கணும்மா. முப்பது வேலை நாள் ஆவும். லீவு நாளைக் கணக்குல சேக்காதீங்க" என்றார் அவர்.

சரி என்று எண்ணத் தொடங்கினேன்.

எங்கள் ஏரியில் நினைத்த அன்று வலை போட முடியாது. முறை உண்டு, அதைப் பாடு என்போம். எங்கள் துறை இரண்டு ஊருக்குப் பொது. ஒரு நாள் எங்கள் பாடு, மறுநாள் பக்கத்து ஊர்ப் பாடு. அவர்கள் முறையன்று நாங்கள் துறைப் பக்கம் தலைகாட்டுவதில்லை. காற்று அடித்தால் வேலை இல்லை. ஊரில் சாவு விழுந்தால் வேலை இல்லை. இதையெல்லாம் கழித்து எண்ணினால் பொங்கலுக்கு முன்னால் பெஞ்சு வராது. இரும்பு வளைக்கிறவர்களுக்குக் காற்று அடித்தால் என்ன என்று குழுவில் ஒருத்தியும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஓர்ப்படியிடம் போய்ச் சொன்னேன். கட்டிலில் படுத்திருந்தாள்.

"நீலம்னா பத்து நாள்ல வந்திருக்கும் இல்லக்கா?"

"வந்திருக்கும்."

"உன் பொடவைக்கு மேட்ச்சா பெஞ்சு வரணும்னு என்னிய பொங்கல் வரைக்கும் படுக்க வச்சிட்ட."

பட்டறைக்குப் போன் போட்டு நீலமாக மாற்ற முடியுமா என்று கேட்டேன். கலந்தாகிவிட்டது, இனி முடியாது என்றார்கள். வேறு வழியில்லாமல் என் கூடையை அகட்டி வைத்து அவள் இடத்தையும் சேர்த்து உட்கார்ந்தேன். ஒருத்தி இரண்டு பேர் இடத்தில் உட்கார்ந்தால் என்னென்ன பேச்சு வரும் என்பதை இங்கே எழுதவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு முன்பே லாரி வந்துவிட்டது. அன்று பக்கத்து ஊர்ப் பாடு. டிரைவர் துறையில் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், மூன்று பெஞ்சையும் இறக்கினார், கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். சேதி கேட்டு, முறை பார்க்காமல் நான் ஓடினேன். வெங்காயக் கலர் அப்படியே என் புடவைதான். அதன்மேல் அவர்கள் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பெஞ்சு என்று அவர்கள் தலைவியிடம் சொன்னேன்.

"எங்க பாடு அன்னிக்கு வந்துதுக்கா" என்றாள் அவள். "எங்க பாடு அன்னிக்கு இன்னா வந்தாலும் எங்களுது. எறா வந்தா உங்களாண்டயா எடுத்துக்கினு வந்து குடுக்கிறோம்?"

"இது ஏரியில வரல. ரோட்டுல வந்துச்சு."

"தொறைக்குத்தான வந்துது."

அவள் சொன்னதில் தப்பில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே ஓர்ப்படி ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவள் பிறந்தது அந்த ஊர்தான், அந்தத் தலைவி அவளுக்குச் சித்தி மகள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து நடு பெஞ்சில் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். ஊரில் பிறந்த பெண்ணை எழுந்திரு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"இன்னிக்கிப் பொறந்த ஊரு பாடு, நாளிக்கிப் புகுந்த ஊரு பாடு" என்றாள். "எனக்கு ரெண்டும் பாடுதான். எங்க, ஒரு கூடையக் குடு."

கொடுத்தார்கள். அத்தோடு பெஞ்சு துறைக்குப் பொது என்று ஆகிவிட்டது.

இப்போது அவள் தினமும் உட்கார்ந்து விற்கிறாள். நான் எங்கள் முறையன்று மட்டும் உட்காருகிறேன். அவளுக்குத் துறையில் இடம் போய்விடும் என்று பயந்தேன், அவளுக்கு இரண்டு இடம் ஆகிவிட்டது. கலரை இதுவரை ஒருவரும் குறை சொல்லவில்லை. இனி எதையாவது ஆர்டர் கொடுத்தால், யாருடைய வேலை நாள் என்று முதலில் கேட்பேன்.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல எழுதினியே, இத மொதல்லேர்ந்து படிச்சிக் காட்டு. உன் சின்ன ஆயா தொறையிலேர்ந்து வர்றதுக்குள்ள முடிச்சிடு.