இன்ஜின் மருந்து

சுதந்திரம் வந்த புதிதில் பெரியபட்டினத்தில் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். அதன் இன்ஜினுக்குள் ஆயிலைத் தவிர வேறு எதையும் நான் ஊற்றியதில்லை. ஊற்றச் சொல்லி எத்தனையோ பேர் வந்தார்கள். என் அத்தாவின், அதாவது தகப்பனாரின், அண்ணனான பெரியத்தாவும் வந்தார்.

பெரியத்தாவுக்குச் சொந்தமாகத் தோணி இருந்தது. அதைக் கரையேற்றும்போதெல்லாம் பலகை கெடாமல் இருக்க சுறா எண்ணெய் பூசுவார். மரத்துக்கு ஆவது இரும்புக்கும் ஆகும் என்று அவருக்கு நினைப்பு. ஒருநாள் மதுரை வியாபாரி ஒருவனைக் கையோடு கூட்டிவந்தார். அவன் கையில் இன்ஜின் மருந்து என்று ஒரு டின். ஆயிலோடு கலந்தால் இன்ஜின் தேயவே தேயாதாம்.

"எண்ணெய் பூசாம தோணிய எறக்குவமாலே? ஊத்து" என்றார் பெரியத்தா.

"தோணிக்குள்ள நெருப்பா எரியுது? நல்ல ஆயில ஊத்தி நேரத்துக்கு மாத்துறேன், அது போதும். டின்னுக்குள்ள என்ன இருக்குன்னு இவரைச் சொல்லச் சொல்லுங்க."

அது கம்பெனி ரகசியம் என்று வியாபாரி இளித்தான். பெரியத்தா பானட்டைத் திறக்கப் போனார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. டின்னைப் பிடுங்கிக்கொண்டு, கரையில் கிடந்த அவருடைய தோணியைப் பார்த்து நடந்தேன்.

"அவ்வளவு உசத்தின்னா மொதல்ல இங்கன பூசிப் பாப்போம்."

பெரியத்தா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "ஏலே, கிறுக்குப் பயலே! என்ன எண்ணெய்னே தெரியாம என் தோணியில பூசுறதா?"

டின்னை அவர் கையிலேயே திணித்தேன்.

"அப்ப என் இன்ஜின் மட்டும் இளப்பமா?"