மல்லிகாவின் காதுக்காக ஊட்டிக்கு ஒரு நாள், போனது என் மீசை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஊட்டியின் மீது படையெடுத்தேன். படை என்றால் நானும் என் அக்கா மகள் மல்லிகாவும். ஆயுதங்கள்: ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, நான்கு போட்டோ, ஒரு டப்பா தக்காளி சாதம். காது கேளாதவர்களுக்கான அடையாள அட்டையும் காது மெஷினும் எங்கே, எப்படி வாங்குவது என்று அலைகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மல்லிகா கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறாள். பின்னால் வந்த இலை வண்டிக்காரர் கத்தியது காதில் விழாமல், மயிரிழையில் தப்பினாள். "காதைப் பார்த்துட்டு, சர்டிபிகேட்டோட வாம்மா. அப்புறம் ஆபத்தில்லாத இடமாப் பார்த்துப் போடறோம்" என்று லீவு கொடுத்துவிட்டார்கள். அவளும் தனியாக ஒரு மருத்துவ முகாமுக்குப் போனாள். கேட்ட கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னாளாம். 'குறை ஒன்றும் தெரியவில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலையும் இல்லை, சர்டிபிகேட்டும் இல்லை. இனி மாமன் களமிறங்காவிட்டால் மலை தாங்காது என்று மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் நாளே ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவள் ஊரிலிருந்து ஜீப், ஆளுக்கு ஐம்பது ரூபாய். கோத்தகிரிக்கு ஏழேகால். அங்கே டீ குடித்துவிட்டு ஏழே முக்காலுக்கு ஊட்டி பஸ். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கட்டபெட்டு வழியாக ஒன்றேகால் மணி நேரம். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டைப் பிடியுங்கள்.

வழியெல்லாம் என் புகழ்பெற்ற காட்டெருமைக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒற்றைக் காட்டெருமை ஒன்று பஸ்ஸை மறித்து, என் மீசையைப் பார்த்து மிரண்டு, பின்னங்காலாலேயே நடந்து காட்டுக்குள் போன வரலாறு. மீசை சாதாரண மீசையல்ல. இரண்டு குருவிக் குடும்பம் வாடகைக்கு இருக்கலாம். மேலுதடு இருக்கிறதா என்று என் மனைவிக்கே சந்தேகம். மல்லிகா எப்போதும்போல முடிவில் விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று மாவட்டத்தில் என் அருமை தெரிந்த ஒரே ஜீவன் அவள்தான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அரசு மருத்துவமனைக்கு ஆட்டோ, எண்பது ரூபாய். சீட்டு போடும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர், பெயர், ஊர், வயது எல்லாம் கேட்டார். மல்லிகா பளிச்சென்று சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, இவங்களுக்கு நல்லாத்தானுங்களே கேக்குது?"

விடுவேனா? "சார், இவ காதுகிட்ட யானை வந்து பிளிறுனாலும் தெரியாதுங்க! போன வருசம் இடி விழுந்து பக்கத்து மரம் ரெண்டாப் பொளந்துச்சு, இவ திரும்பிக்கூடப் பார்க்கல!"

"சரிங்க, சரிங்க," என்று அவர் சிரித்துக்கொண்டே பேனாவை மூடி வைத்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குத் தெரியும். என் கதையைக் கேட்கிற எல்லோரும் அப்படித்தான் சிரிப்பார்கள். என் வாயாலேயே அவள் காரியத்தைக் கெடுத்துவிட்டேன்.

நல்ல வேளை, செவித்திறன் சோதிக்கும் பெண் அந்தப் பக்கம் வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். மல்லிகாவை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"எங்கீங்க வேலை?"

"டீ ஃபேக்டரிலங்க."

"மிஷின் சத்தத்துல எப்படிங்க பேசிக்குவீங்க?"

"சத்தம் வராம வாயை மட்டும் அசைப்பமுங்க. உதட்டைப் பார்த்தே எல்லாருக்கும் புரிஞ்சிருமுங்க."

அவர் கையிலிருந்த ஃபைலைத் தூக்கித் தன் வாயை மறைத்துக்கொண்டு, அதே குரலில் கேட்டார்: "உங்க வீட்டுல எத்தனை பேருங்க?"

மல்லிகா விழித்தாள். ஃபைலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். சீட்டு போடுகிறவர் பேனாவை மறுபடி திறந்தார்.

கண்ணாடி அறைக்குள் முக்கால் மணி நேரம் சோதனை. வெளியே வந்ததும் அந்தப் பெண், "யார் பேசறது உங்களுக்கு ரொம்பச் சிரமமுங்க?" என்றார். மல்லிகா தலையைக் குனிந்துகொண்டு என்னைக் கை காட்டினாள்.

"மாமா பேசறது ஒண்ணுமே தெரியாதுங்க. மீசை உதட்டை மூடிக்குது."

"ஏம் புள்ள, அப்ப என் கதைக்கெல்லாம் சிரிப்பியே?" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அந்தப் பெண்தான் முகத்தைக் காட்டித் திருப்பிச் சொன்னார்.

"உங்க தோள் குலுங்குமுங்க மாமா. கதை முடிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சுக்குவேன். நீங்க மனசு நோகக் கூடாதுல்லங்க."

என் கை தானாக மீசைக்குப் போனது.

சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போய், அட்டைக்கும் மெஷினுக்கும் மனு கொடுத்து முடிக்க மணி இரண்டரை. மெஷினுக்கு மறுபடி கூப்பிடுவார்களாம். வேலைக்கு இப்போதைக்குச் சர்டிபிகேட்டே போதும்.

மார்க்கெட் பக்கம் ஒரு சலூன் கண்ணில் பட்டது. நூறு ரூபாய். கடைக்காரர் மூன்று முறை, "நிசமாவே எடுக்கலாமுங்களா?" என்று கேட்டார். மல்லிகா வாசலில் நின்று, "வேண்டாமுங்க மாமா, அத்தை ஊட்டுக்குள்ள சேர்க்காது!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

நாலு மணி பஸ்ஸில் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, காட்டெருமைக் கதையை முதலிலிருந்து சொன்னேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். கதை முடிந்தது. தோள் குலுங்கியது. அவள் சிரிக்கவில்லை.

"இவ்வளவுதானுங்களா மாமா? இதுக்கா நான் இத்தன வருசமா அப்படிச் சிரிச்சேன்?"

போகிறவர்களுக்கு: மருத்துவமனையில் எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ், ஒரு ஸ்வெட்டர். உதடு பார்த்துப் புரிந்துகொள்கிறவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், கெட்டிக்காரத்தனம் குறையை மறைத்துவிடும். கூடப் போகிறவர் யானை, இடி எதையும் இழுக்க வேண்டாம். மெஷின் வந்ததும் என் மற்ற கதைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்கப் போவதாக மல்லிகா சொல்லியிருக்கிறாள். நான் இப்போதே புதுக் கதை தேட ஆரம்பித்துவிட்டேன்.